இடப்பக்கக் கண்ணாடிக்கு ஏற்ற பசை

என் காரின் இடப்பக்கக் கண்ணாடியை மண்ணரை ஏரியாவில் ஒரு மின்கம்பத்திடம் பறிகொடுத்தேன். சனிக்கிழமை, பட்டப்பகல், குறுக்கே ஒரு நாய்கூட வரவில்லை. பழகிய பனியன் பிரிண்டிங் யூனிட் ஒன்றில் வேலையை முடித்துக்கொண்டு வண்டியைப் பின்னால் எடுத்தேன். வலப்பக்கக் கண்ணாடியில் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. அந்த ஒழுங்கை நான் ரசித்துக்கொண்டிருந்தபோது இடப்பக்கம் 'டொக்' என்றது. இடப்பக்கம் பார்ப்பதற்கென்றே வைத்த கண்ணாடியை, இடப்பக்கம் பார்க்காமல் உடைத்துவிட்டேன்.

கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைத் தாங்கிய பிளாஸ்டிக் கூடுதான் கழுத்தோடு முறிந்து, ஒற்றை வயரில் கதவோரம் தொங்கியது.

இதற்குப் போய் ஏன் எனக்கு வியர்த்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எட்டு மாதம் முன்பு என் மனைவி ஒரு கல்யாண மண்டபத்துத் தூணில் பம்பரை உரசினாள். அன்றைக்கு நான் வீட்டில் ஒரு சட்டம் போட்டேன்: வண்டியை இடித்தவர் ஒரு வருஷம் சாவியைத் தொடக் கூடாது, சாவி மற்றவரிடம் இருக்கும். சட்டம் போட்டவனை அந்தச் சட்டம் பிடிக்கும் என்று யார் நினைக்கிறார்கள்? அன்றிலிருந்து அவள் மங்கலத்தில் தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போகிறாள். நான் காரில் போகிறேன். இப்போது அவள் அமராவதி நகரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பிவிடுவாள். ஷோரூமுக்குப் போன் செய்தேன். கூடு வியாழக்கிழமைதான் வரும் என்றார்கள். ஆக எனக்குத் தேவை நாலு நாள் தாங்குகிற ஒரு பசை. தாங்கினால் சாவி எனக்கு. தாங்காவிட்டால் பஸ் எனக்கு.

சத்தம் கேட்டு யூனிட் முதலாளி வெளியே வந்தார்.

"ஏனுங்ணா, அந்தக் கம்பம் நேத்தும் அங்கதானுங்க நின்னுது."

"தெரியுமுங்க."

"தெரிஞ்சு இடிச்சா அதுக்குப் பேரு வேறீங்க" என்றவர், கூட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு! நம்ம டேபிள் கம் இருக்குதுல்ல?" என்றார்.

பனியன் துணியை மேஜைமேல் விரித்து ஒவ்வொரு கலராக அச்சடிக்கும்போது, துணி நகராமலிருக்க மேஜையில் தடவுவது டேபிள் கம். அச்சு முடிந்ததும் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் துணி சமர்த்தாகக் கையோடு வந்துவிடும். அப்படி வந்த பீஸ்களை வாங்கிச் சோதிப்பதுதான் இருபத்திரண்டு வருஷமாக என் வேலை. உரித்தெடுப்பதற்கென்றே உண்டான பசை அது என்று என் மூளையின் ஒரு மூலைக்குத் தெரிந்துதான் இருந்தது. அந்த மூலையிடம் நான் அபிப்பிராயம் கேட்கவில்லை.

அவர் தாராளமாகத் தடவி அழுத்தினார். "எட்டுக் கலர் அடிச்சாலும் அசையாதுங்ணா."

கலர் அடித்தால் அசைந்திருக்காதுதான். நான் ஓட்டிக்கொண்டு போனேன். முதல் வேகத்தடையைத் தாண்டியது. இரண்டாவதையும் தாண்டியது. மூன்றாவதில், எந்த மனக்கசப்பும் இல்லாமல், பனியனைப் போலவே அமைதியாகப் பிரிந்து வயரில் தொங்கி, போவோர் வருவோருக்கெல்லாம் டாட்டா காட்டியது. ஓரங்கட்டி அவருக்குப் போன் செய்தேன்.

"ரெண்டு வேகத்தடை தாங்குச்சுங்களா?" என்றார் சந்தோஷமாக. "அப்ப இந்த லாட் கம்மு நல்ல கம்முங்க."

நேராக ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஜாதகம் பார்ப்பவரைப் போல ஆரம்பித்தார்.

"எதையுங்க எதோட ஒட்டோணும்?"

"பிளாஸ்டிக்கப் பிளாஸ்டிக்கோட."

"பிளாஸ்டிக்னா என்ன பிளாஸ்டிக்? பி.பி.யா, ஏ.பி.எஸ்.ஸா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. எந்தத் துணியைக் கொடுத்தாலும், இதில் காட்டன் எவ்வளவு, பாலியஸ்டர் எவ்வளவு என்று முதல் கேள்வி கேட்கிறவன் நான். காருக்குப் போய்க் கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சட்டைக் காலரில் லேபிள் தேடுகிற பழக்கம். ஆச்சரியம், உள்பக்கம் பொடி எழுத்தில் ஏ.பி.எஸ். என்றே இருந்தது.

"தப்பிச்சீங்க" என்றார் அவர். "பி.பி.ன்னா எந்தப் பசையும் நிக்காதுங்க. சொட்டுப் பசை வேண்டாம், படக்குனு புடிக்கும், படக்குனு உடும். சிலிக்கான் ஆடீட்டே இருக்கும். ரெண்டு ட்யூப்பு பசை எடுத்துக்கோங்க. சமமாக் கலக்கிப் பூசி, டேப்பச் சுத்தி, இருபத்திநாலு மணி நேரத்துக்குக் கைய வெக்காதீங்க. அதுதானுங்க கஷ்டம்."

"கைய வெக்காம இருக்கறது ஒரு கஷ்டமுங்களா?"

"ஒட்டத் தெரியாதவங்க இங்க வர்றதில்லீங்க. உட்டுட்டு இருக்கத் தெரியாதவங்கதான் திரும்பித் திரும்பி வர்றாங்க."

வீட்டுக்கு வந்து ஒட்டியபோது சனிக்கிழமை மாலை மணி நாலரை. மறுநாள் நாலரைக்கு டேப்பைப் பிரித்தேன். கூடு நிமிர்ந்து நின்றது. தட்டினேன், அசையவில்லை. கதவை அறைந்து சாத்தினேன், அசையவில்லை. விரிசல் இருந்த இடத்தில் மெல்லிய கோடு மட்டும். அதன்மேல் கொஞ்சம் கறுப்பு ஷூ பாலிஷ் தேய்த்ததும் அதுவும் மறைந்தது. வேறு எந்தத் தொழிலில் இருக்கிறவனும் இந்த இடத்தில் உள்ளே போய்க் காப்பி குடித்திருப்பான்.

எங்கள் தொழிலில் இழுத்துப் பார்க்காமல் எதையும் பாஸ் செய்வதில்லை. குழந்தைகளின் உடுப்பில் வைக்கும் அமுக்குப் பட்டனை, பிள்ளை கடித்து இழுத்தாலும் வராதா என்று தெரிந்துகொள்ள, கொக்கி மாட்டிப் பத்து வினாடி இழுத்துப் பிடிப்போம். புல் டெஸ்ட் என்று பெயர். அந்தப் பழைய கொக்கிக் கருவி ஒன்று வீட்டில் இருந்தது. ஒட்டியது நானே என்பதால் டெஸ்ட் செய்யாமல் விடுவது நியாயமா என்று மனசாட்சி கேட்டது. என் மனசாட்சி மற்ற விஷயங்களில் இவ்வளவு சுறுசுறுப்பு காட்டியதில்லை.

கொக்கியைக் கூட்டில் மாட்டி, ஒரு காலைக் கார்க் கதவில் ஊன்றி இழுத்தேன். கருவியின் அளவுமுள் ஏறியது. வாய்விட்டு எண்ணினேன். ஐந்து, ஆறு, ஏழு. எட்டில் படீரென்று நான் மல்லாந்து விழுந்தேன். கூடு என் மார்மேல் கிடந்தது.

எழுந்து பார்த்தேன். பசை விடவில்லை. ஒட்டிய இடம் கல்லைப் போல அப்படியே இருந்தது. முறிந்தது அதற்கு இரண்டு அங்குலம் கீழே, இதுவரை எந்த வியாதியும் இல்லாதிருந்த அடிப்பகுதி. பட்டன் நின்று துணி கிழிந்தாலும் எங்கள் கணக்கில் ஃபெயில்தான். 'இழுக்காம உட்டிருந்தா கிழிஞ்சிருக்காதுங்களே' என்று எத்தனையோ தையல் யூனிட்காரர்கள் என்னிடம் மன்றாடியிருக்கிறார்கள். அது ஒரு வாதமா என்று சிரித்திருக்கிறேன். அன்றைக்கு வாசலில் உட்கார்ந்து பார்த்தபோது அது நல்ல வாதமாகத்தான் தெரிந்தது.

மீதிப் பசை இருந்தது. இன்னொரு இருபத்துநாலு மணி நேரம் இல்லை. மணி ஐந்தேகால்கூட ஆகவில்லை, கேட் திறந்தது. முன்னாடியே பஸ் கிடைத்துவிட்டதாம்.

மனைவி பையைக் கீழே வைத்தாள். "என்னுங்க அது கையில?"

"டெஸ்ட் பண்ணீட்டிருந்தேன்."

"டெஸ்ட்டு பண்றதுக்கு முன்னால நல்லா இருந்துச்சுங்களா?"

ஆமாம் என்று சொல்லலாம், பொய்யும் இல்லை. ஆனால் எந்தப் பக்கம் போனாலும் உடைத்தது நான்தான் என்பதில் போய் முடிந்தது. மின்கம்பத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாவது வேகத்தடை வரைக்கும் சிரிப்பை அடக்கினாள். ஷூ பாலிஷ் வந்தபோது வாசல் திட்டில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கையை நீட்டினாள்.

"வியாழக்கிழமை புதுசு வந்துரும் அம்மிணி."

"கண்ணாடி வியாழக்கிழமை வரட்டுங்க. சாவி இன்னிக்கு வரட்டும்."

திங்கட்கிழமை காலை அவள் ஓட்டினாள். நான் இடப்பக்க இருக்கையில் ஜன்னலை இறக்கிவிட்டு, கழுத்தைப் பின்னால் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"வருதுங்களா?"

"ஒரு டெம்போ வருது."

"எத்தன தூரத்துல?"

"சுமாரா."

"சுமாருங்கறது ஒரு தூரமுங்களா? கண்ணாடின்னா சரியாச் சொல்லோணும்."

அவள் நன்றாக ஓட்டினாள். குறை சொல்ல வாய்ப்பே தராத அளவுக்கு நன்றாக. பள்ளிக்கூடத்தில் இரண்டு வேன்களுக்கு நடுவே, ஒரே மூச்சில் பின்பக்கமாக நிறுத்தினாள். நான் இடப்பக்கம் பார்த்துச் சொல்வதற்குள் வண்டி நின்றுவிட்டது. சாவி கைப்பைக்குள் போய் ஜிப் மூடியது.

"சாயங்காலம் நாலரைக்கு வந்துருங்க. திரும்பறப்பவும் ஆளு வேணுமுங்க."

"அந்நேரம் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் இருக்குது அம்மிணி."

"பர்மிஷன் போடுங்க. வியாழக்கெழம வரைக்குந்தானே."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் உங்களுக்கு வேலையில்லீங்க. ஃபேக்டரிக்குப் பஸ்ல போலாம்."

பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். அந்தப் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைப்பதில்லை என்று அவள் எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெரிதுபடுத்துகிறாள் என்று நினைத்திருந்தேன். பஸ் வந்தது. ஒரு கால் வைக்க இடம் இருந்தது.