அய்யாவு அம்மனிடம் மட்டும் சொன்ன புகார்

மலேசியாவில் பத்து பகாட் என்ற ஊரில் துப்புரவுக் குத்தகை எடுத்து நடத்தும் மனோகரனிடம் அய்யாவு பதினெட்டு வருடமாகக் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. எட்டுப் பள்ளிக்கூடங்களைக் கூட்டிப் பெருக்க நாற்பது பேர் என்று அரசாங்கத்திடம் மாதாமாதம் பணம் வாங்குவார்கள். விளக்குமாறு பிடித்தவர்கள் பதினாறு பேர். மிச்ச இருபத்து நான்கு பேருக்கும் முதலாளியே கையெழுத்துப் போட்டுவிடுவார். பிறக்காத அந்த ஊழியர்களுக்கு ஒரு நாள்கூடக் காய்ச்சல் வந்ததில்லை.

அய்யாவுவுக்கு மனச்சாட்சி உண்டு. தீபாவளி போனஸ் வராத வருடங்களில் அது நன்றாகவே உறுத்தும். இந்த வருடம் போனஸும் வரவில்லை. மோசடியைக் காட்டிக்கொடுப்பவருக்கு அரசாங்கம் வெகுமதி தரக்கூடும் என்று மகள் லோஷினி கைப்பேசியில் வாசித்தும் காட்டினாள். மறுவாரமே, மனைவி பேச்சியம்மாளிடம் பல்வலி என்று சொல்லிவிட்டு, ஜொகூர் பாருவிலுள்ள ஊழல் தடுப்பு அலுவலகத்துக்குப் போய் இரகசியமாகப் புகார் கொடுத்தார்.

அங்கிருந்த மலாய் அதிகாரி இரண்டு முறை நிறுத்திச் சொன்னார்: எங்களைத் தவிர யாரிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் சட்டப் பாதுகாப்பு போய்விடும். முதலாளி வேலையை விட்டு நிறுத்தினால் நாங்கள் ஏன் என்று கேட்க முடியாது. வெகுமதியும் சந்தேகம்தான்.

அய்யாவு வீட்டில்கூட வாயைத் திறக்கவில்லை. ஆனால் அம்மனிடம் சொல்லாமல் அவர் ஒரு காரியத்திலும் இறங்கியதில்லை. அர்ச்சனையில் பெயர், நட்சத்திரம், காரணம் மூன்றும் துல்லியமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பலன் வேறு ஓர் அய்யாவுவுக்குப் போய்விடும் என்று உறுதியாக நம்புகிறவர். கோயில் தலைவரும் மனோகரன்தான். ஆகவே அவர் வராத செவ்வாய்க்கிழமைக் காலையாகப் பார்த்துப் போய், அர்ச்சனைச் சீட்டின் பின்புறம் புகார் எண் உட்பட எல்லாவற்றையும் எழிலான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார்.

குருக்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. காதோரம் மாட்டிய மைக்கைக் குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுவார் போலிருந்தது. அன்று கும்பாபிஷேகக் கூட்டம் என்பதால் மண்டபத்தில் மனோகரன் உட்கார்ந்திருந்ததும் அய்யாவுவுக்குத் தெரியாது. கோபுரத்து ஒலிபெருக்கியில் அய்யாவுவின் பெயர் வந்தது, ஆயில்ய நட்சத்திரம் வந்தது, பிறகு அதே மந்திர ராகத்தில், "மனோகரன் கம்பெனி பள்ளிக்கூடக் கிளீனிங் கள்ளக் கணக்குப் புகார் காரிய சித்தியர்த்தம், அரசாங்க வெகுமதி பிராப்தியர்த்தம்" என்று வந்தது.

"சாமி, போதும். அம்மனுக்குக் கேட்டிருக்கும்."

"அவசரப்படாதீங்கோ. புகார் எண் இன்னும் பாக்கி."

எண்ணும் ஊருக்குத் தெரிந்தது. மனோகரன் சிரித்த முகத்தோடு சன்னிதிக்கு வந்தார். கூட்டத்துக்கு வரவிருந்த பிரமுகருக்காக வைத்திருந்த பொன்னாடையை எடுத்து அய்யாவுவின் தோளில் போர்த்தினார்.

"நம்ம கிராணியால கோயிலுக்கே பெருமைலா" என்றார் உரக்க. அணைத்துக்கொண்டபோது காதருகே, "நாளைலேர்ந்து ஆபீஸ் பக்கம் வந்துறாதீங்க" என்றார். கமிட்டிக்காரர்கள் கைதட்டினார்கள்.

மத்தியானம் அய்யாவு தானே அதிகாரியை அழைத்தார்.

"யாரிடம் சொன்னீர்கள்?" என்று மலாயில் கேட்டார் அதிகாரி.

"கடவுள்கிட்ட மட்டும்தான், துவான்" என்று மலாயில் ஐயா போட்டார் அய்யாவு.

"வேறு யாருக்குக் கேட்டது?"

"பஸ் நிலையம் வரைக்கும் கேட்டிருக்கும்."

பாதுகாப்பு, வெகுமதி இரண்டையும் பற்றி மேலிடம்தான் முடிவு செய்யும், ஆனால் விசாரணை நிற்காது, இனியும் சாட்சி சொல்ல வருவீர்களா என்று அதிகாரி கேட்டார்.

பக்கத்தில் நின்ற பேச்சியம்மாள், "வேலையே போச்சு. இனி யாருக்குப் பயந்துகிட்டு முழிக்கிறீங்க? வரேன்னு சொல்லுங்க" என்றாள்.

"வரேன், துவான்" என்றார் அய்யாவு. பிறகு, பஸ் கட்டணமாவது கிடைக்குமா என்று கேட்டார்.

கிடைக்கும், விண்ணப்பப் பாரம் ஒன்றை நிரப்பிக் கொடுத்தால் மூன்று மாதத்தில் வந்துவிடும் என்றார் அதிகாரி.