பக்ரீத்துக்கு முன்னால் ஒரு ஸ்டட்

உடையாமல் கழன்று வரும் ஸ்டட்டை, அதாவது தலையில்லாத மரையாணியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மெக்கானிக்கின் மானமெல்லாம் உடைந்து உள்ளே நிற்பதில்தான் இருக்கிறது. பைக்கோடு மல்லுக்கட்டி விரல் முட்டியைப் பெயர்த்துக்கொண்ட என் இனத்தாரே, இது உங்களுக்கு.

உப்பு

மெக்கானிக்கல் கடைசி வருஷம் படிக்கிறேன். லீவு நாட்களில் ஆம்பூரில் சித்தப்பாவின் ஒர்க்‌ஷாப்பில் வேலை. பக்ரீத்துக்கு இரண்டு நாள் முன்னால், கடை திறந்ததும் காதர் பாயின் வண்டி லாரி மாதிரி கத்திக்கொண்டு வந்தது. சைலன்சரை இன்ஜினோடு பிடித்திருக்கும் இரண்டு ஸ்டட்டில் ஒன்று முறிந்து, மிச்சம் இன்ஜினின் அலுமினிய ஹெட்டுக்குள் துருவேறி இறுகிக் கிடந்தது. தானாக உடைந்தது என்றார். தானாக எதுவும் உடையாது என்று நான் ஆரம்பித்தேன். ஐந்து நிமிஷத்தில் உண்மை வந்துவிட்டது. ஆடுகிற சைலன்சரை இறுக்க, ஸ்பேனரில் இரும்புப் பைப்பைச் சொருகி இழுத்திருக்கிறார்.

துருவுக்கு விவாதமே வேண்டாம். ஆலங்காயம் பக்கம் ஆட்டுத்தோல் வாங்கி, உப்புப் போட்டு மூட்டை கட்டி, முன்னால் கிராஷ் கார்டில் தொங்கவிட்டுக் கொண்டுவருவார். பின்சீட்டு மச்சானுக்கு. உப்புத் தண்ணி வருஷக்கணக்காக ஸ்டட் மேலேயே சொட்டியிருக்கிறது. இனிமேல் முன்னால் கட்டாதீங்க என்றேன்.

“உப்பு இல்லாம தோலு இல்ல, தோலு இல்லாம இந்த ஊரே இல்ல. ஸ்டட்டுதாம்மா அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்.”

யார் கை

பக்ரீத் அன்று உரித்த தோலை அன்றே வாங்கி உப்புப் போடாவிட்டால் அழுகிவிடும். பாய்க்கு வருஷத்தில் அதுதான் பெரிய நாள். வண்டி இல்லையென்றால் தோல் இல்லை. ஆம்பளைங்க யாரும் இல்லியா என்று அவர் கேட்டது அந்தப் பயத்தில்தான். அதற்காக விடுவேனா? ஸ்டட்டுக்கு ஆம்பளை பொம்பளை தெரியாது, சூடும் குளிரும்தான் தெரியும் என்றேன்.

எங்கள் கடை மெக்கானிக் சேகர் அண்ணன், ஸ்டட்டில் ஓட்டை போட்டு ஈஸி-அவுட்டைத் திருகி இழுத்துவிடலாம் என்றார். ஈஸி-அவுட் கெட்டி இரும்பு, அது உள்ளே முறிந்தால் நம்ம டிரில் பிட் எதுவும் இறங்காது, ஹெட்டே போச்சு என்று நான் எதிர்த்தேன். நீட்டிக்கொண்டிருக்கும் துண்டின் மேல் நட்டை வைத்து வெல்டு பண்ணி, நட்டோடு சேர்த்துத் திருகலாம் என்றேன். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஜாஸ்தி விரியும், பிடி விடும். சத்தம் தாங்காமல் சித்தப்பா எழுந்து வந்தார்.

“நீயே பண்ணு. ஹெட்டு போச்சுன்னா புதுசு வர ஒரு வாரம் ஆவும். பாய்க்கு நீதான் பதில் சொல்லணும்.”

முதல் நட்டு

டேங்கைக் கழற்றி, பேட்டரி வயரை எடுத்து, நட்டை வைத்து வெல்டு பண்ணினேன். பாய் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, முடிஞ்சிதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் வாயை மூட வேண்டும் என்ற அவசரத்தில், நட்டு சிவப்பாக இருக்கும்போதே ஸ்பேனரைப் போட்டுவிட்டேன். வெல்டு விட்டு, நட்டு மட்டும் கையோடு வந்தது. தப்பு என்னுடையதுதான், இதில் மட்டும் நான் விவாதம் பண்ணவில்லை.

“இன்னாம்மா, காலேஜ்ல ஆற விடறதுக்குப் பாடம் இல்லியா?” என்றார் சேகர் அண்ணன்.

இரண்டாவது நட்டு

வெளியே இருந்த துண்டு இப்போது அரிசி அளவுதான். இன்னொரு நட்டு, இன்னொரு வெல்டு. பாய் எத்தனை தடவை கேட்டாலும் ஸ்பேனரைத் தொடாமல், கை வைத்தால் சுடும் அளவுக்கு ஆறும்வரை காத்திருந்தேன். மரை வழுக்கட்டும் என்று ஓரத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்தேன்; உருகி உள்ளே இறங்கியது. ஸ்பேனரைக் கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால் அசைத்தேன். கீச்சென்று ஒரு சத்தம். அப்புறம் விரலாலேயே சுற்றி எடுத்தேன். ஹெட்டில் மரை ஒன்றுகூடப் போகவில்லை. துண்டை பாயின் உள்ளங்கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இவ்ளோ பேஜாரும் இத்துனூண்டுக்கா?”

பக்ரீத் முடிந்து

மூன்றாம் நாள் வாசனை முதலில் வந்தது, பிறகு பாய். தோல் நிறைய கிடைத்ததாம், ஒன்றுகூட அழுகவில்லையாம். கிராஷ் கார்டு காலி. நான் சொன்னதை ஒரு மனுஷன் கேட்டிருக்கிறார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. வண்டியைச் சுற்றி வந்தேன். மச்சான் பஸ்ஸில்; பின்சீட்டின் இரண்டு பக்கமும் மூட்டை, செயின் மேலும் ஆக்சில் மேலும் உப்புத் தண்ணி சொட்டுகிறது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“முன்னாடி கட்டாதன்னு நீதானம்மா சொன்ன? பின்னாடிய பத்தி ஒரு வார்த்தை சொல்லலியே.”

அந்தப் பின்சக்கர ஆக்சிலுக்காக ஒரு மெழுகுவத்தியை இப்போதே தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.