எலுமிச்சைக்கு ஒரு சாண் முன்னால்

அவனியாபுரத்துப் பட்டறையில் சரண்யாதேவி ஆறு வருடமாக ஷேர் ஆட்டோக்களுக்கு பிரேக் வேலை பார்க்கிறாள். எந்த வண்டியையும் அது நிற்கும் விதத்தை வைத்துத்தான் எடைபோடுவாள். ஆனால் முதலாளி பேச்சிமுத்து அவளிடம் கார் கொடுத்ததில்லை. வாடிக்கையாளர் அருள்பாண்டியின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் பிரேக் மாற்ற வந்தபோதுதான், "இது ஒழுங்கா நின்னா, இனி கார் பிரேக் பூரா ஒன் பொறுப்பு" என்றார்.

சக்கரத்தோடு சுழலும் பெரிய டிஸ்க்குகளையும், அவற்றை அழுத்திப் பிடிக்கும் புது பேடுகளையும் இரண்டு நாளில் மாட்டிவிட்டாள். பூசைக்கு எலுமிச்சம்பழத்தோடு வந்த அருள்பாண்டி, வாசலிலேயே ஓட்டிப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னம்மா, பழைய பிரேக்கே தேவல போலயே?"

பேச்சிமுத்து தலையைச் சொறிந்தார்.

"புது பேடு டிஸ்க்கோட இன்னும் பழகல அண்ணே. ஏறுங்க, பழக்கிட்டு வருவோம்" என்றாள் சரண்யாதேவி.

ஆளில்லாத ரிங் ரோட்டில் வேகமெடுப்பதும், நிற்காமல் குறைப்பதுமாகப் பத்து முறை ஓட்டினாள். சூடு ஆறும்வரை மெதுவாக ஓட்டித் திரும்பினாள். காலி மைதானத்தில் கோடு கிழித்து, அதைத் தாண்டிச் சற்றுத் தள்ளி எலுமிச்சம்பழத்தை வைத்தாள்.

"இப்ப நீங்க ஓட்டுங்க. கோட்டுக்கு வந்ததும் மிதிங்க."

அருள்பாண்டி வேகமாக வந்து மிதித்தார். பழத்துக்கு ஒரு சாண் முன்னால் கார் நின்றது.

"ஏம்மா, நசுக்கத்தானே பழம் வாங்குனேன்!" என்று சிரித்தார்.

"இப்ப நசுக்குங்க அண்ணே, மெதுவா."

சாயங்காலம் இன்னொருவர், பிரேக் போட்டால் சத்தம் வருகிறதென்று காரோடு வந்தார். பேச்சிமுத்து நாற்காலியை விட்டு எழவில்லை.

"சரண்யாகிட்டச் சொல்லுங்க" என்றார்.