அம்மா ஊறவைத்த சோறு

அப்பா காலையில் கம்பெனி ஷிப்ட் முடிந்து வரும்போது, அம்மா எனக்கும் தம்பிக்கும் பழைய சோறு பிசைந்து கொடுத்துக்கொண்டிருப்பாள். "புள்ளைங்களுக்கு இதாடி போடுவ?" என்று தட்டை எத்துவார். இட்லி சுட்டாலோ, கல்லு மாதிரி இருக்கிறதென்று அவள் முகத்திலேயே எறிவார்.

காய்ச்சலில் அம்மா செத்த அன்று, வீட்டிலிருந்த சோற்றையெல்லாம் கொட்டினார்கள். முந்தின நாள் அவள் தண்ணீர் ஊற்றி வைத்த சட்டியை மட்டும் நான் கட்டிலுக்கடியில் ஒளித்துவிட்டேன்.

சாவு வீட்டில் அடுப்பு எரியாது. மறுநாள் பக்கத்து வீட்டு அத்தை தூக்குவாளியில் இட்லி கொண்டுவந்தாள். தம்பி வாயைத் திறக்கவில்லை.

"எனக்கு அம்மா சோறுதான் வேணும்."

அப்பா அவனை அறைந்து, வாயில் இட்லியைத் திணித்தார். "தின்றா! எவ்ளோ மெத்துனு இருக்கு பாரு. உங்கம்மாவுக்கு ஒருநாளாச்சும் இப்படி வந்துச்சா?"

தூக்குவாளியாலேயே அவர் நெற்றியில் அடித்தேன். ரத்தம் இட்லிமேல் சொட்டியது.

"அடிப்பாவி, அப்பனையா அடிக்கிற?" என்று அத்தை என் கையைப் பிடித்தாள்.

"வுடு அத்த. எங்கம்மா ஒருநாளும் திருப்பி அடிக்கல."

நெற்றியைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்த அப்பா எழுந்திருக்கவில்லை. நான் சட்டியை எடுத்தேன். சோறு நன்றாகப் புளித்திருந்தது. உப்புப் போட்டுப் பிசைந்தேன். தம்பி, கன்னத்தில் விரல் பதிந்த தடத்தோடு, கடைசிப் பருக்கை வரைக்கும் தின்றான்.