குளம்புக்குள் ஒரு கோடு

2025 ஜனவரி 16, காணும் பொங்கல். ஜாய்ஸுக்கு அன்றைக்கு விடுமுறைப் பணி. முப்பத்தாறு வயது, படாளத்துக்காரர். செங்கல்பட்டுக்குத் தெற்கே உள்ள ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் பதினோரு ஆண்டுகளாக எக்ஸ்ரே எடுக்கிறார். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். ஜாய்ஸ் டிப்ளமா முடித்து, இரண்டு வருடம் ஒரு ஸ்கேன் சென்டரில் மனிதர்களுக்குப் படம் எடுத்துவிட்டு இங்கே வந்தார்.

“மனுஷங்கள மூச்ச அடக்குன்னா அடக்குவாங்க. இங்க நாமதான் அடக்கிக்கணும்” என்பார், வேலை எப்படி என்று கேட்டால்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் அந்த மருத்துவமனைக்கு எப்போதுமே பெரிய நாள். முந்தைய தினம் ஆசையாகப் பொங்கலை அள்ளி ஊட்டியிருப்பார்கள். விடிந்ததும் மாடு வயிறு உப்பி நிற்கும். கொம்பில் பெயின்ட் காயாத மாடுகள் கொட்டகை முழுக்க நின்றன. வண்டி மோதிய நாய்கள், கால் ஒடிந்த கன்று, வெள்ளாடு என்று எக்ஸ்ரே அறை வாசலிலும் வரிசை. ஆள் பாதி, வேலை இரட்டிப்பு.

பத்தரை மணிக்கு ஒரு டெம்போ வந்தது. உள்ளே ஒரு பழுப்புக் குதிரை, வலது முன்காலைத் தரையில் ஊன்றாமல். மாமல்லபுரம் கடற்கரையில் சவாரி விடும் அப்துல் கையூம் அதன் தலைக்கயிற்றைப் பிடித்தபடி இறங்கினார். காணும் பொங்கலன்று கடற்கரையில் நிற்க இடம் இருக்காது. அவருக்கு வருடத்தில் அதைவிடப் பெரிய நாள் கிடையாது. அந்த நாளை விட்டுவிட்டு வந்திருந்தார்.

“பேரு இன்னா பாய்?” என்று கேட்டார் கருப்பன். விலங்குகளைப் பிடித்து நிறுத்தும் உதவியாளர் அவர்.

“புல்லட்டு.”

“புல்லட்டுனு பேர வெச்சிட்டு டெம்போல ஏத்தினு வந்துகீறியே!”

“கிண்டல் பண்ணாத அண்ணாத்த. ரெண்டு நாளா மூணு கால்ல நிக்கிது. படுக்கவும் மாட்டேங்குது, கொள்ளு வெச்சா மூஞ்சத் திருப்பிக்குது.”

குதிரையின் குளம்பைப் படம் எடுப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. குளம்பின் அடியில், நடுவே ஒரு மெத்தைபோல சதை இருக்கும். அதன் இரு பக்கமும் ஆழமான பள்ளம். பள்ளத்துக்குள் நிற்கும் காற்று, படத்தில் கறுப்புக் கோடாக விழும். எலும்பின்மேல் அது விழுந்தால் எலும்பு பிளந்ததுபோலவே தெரியும். அதனால் அழுக்கைச் சுரண்டித் தேய்த்த பிறகு, பிசைந்த மாவை அந்தப் பள்ளங்களில் காற்றுப் புகாமல் அடைத்துவிட்டுத்தான் படம் எடுக்க வேண்டும். குதிரை வரும் நாள்களில் கேன்டீன் பரோட்டா மாஸ்டரிடம் ஜாய்ஸ் ஓர் உருண்டை மைதா மாவு வாங்கிக்கொள்வார். மாஸ்டரும் “குதிரைக்கு ஒரு பார்சல்” என்று கத்திக்கொண்டே கொடுப்பார்.

அன்றைக்குக் கேன்டீன் பூட்டியிருந்தது.

வாசலில் பதினாறு பேர் காத்திருந்தார்கள். ஒரு நாய் வலியில் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. குளம்பைக் கம்பியால் சுரண்டி, பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்தார் ஜாய்ஸ். இது போதும் என்று நினைத்தார். குதிரையின் காலை மரக்கட்டைமேல் ஏற்றினார்கள். ஈய அங்கி மாட்டிக்கொண்டு கையூம் தலைக்கயிற்றைப் பிடித்தார். இரண்டு படம். பத்து நிமிடத்தில் முடிந்தது.

படத்தைப் பார்த்தவர் டாக்டர் சதாசிவம், அறுவைச் சிகிச்சைத் துறைப் பேராசிரியர். காலையிலிருந்து மூன்று மாடுகளின் வயிற்றைத் திறந்து மூடிவிட்டு வந்திருந்தார். திரையில், குளம்புக்குள் இருக்கும் எலும்பின் குறுக்கே மேலிருந்து கீழாக ஒரு கோடு.

“எலும்பு பொளந்திருக்கு, மூட்டு வரைக்கும்” என்றார் கையூமிடம். “இது சேராது. பாரத்த எல்லாம் இன்னொரு கால் தாங்கினா அந்தக் குளம்பும் கழண்டுடும். நின்னுக்கிட்டே சித்திரவதைப்படும். தூங்க வெச்சுடறது நல்லது.”

தூங்க வைப்பது என்றால் என்னவென்று கையூமுக்குத் தெரியும். வெளியே போய் மனைவி ஷஹர்பானுவுக்கு போன் செய்தார். நெடுநேரம் எதிர்முனையில் பேசுவதைக் கேட்டுக்கொண்டே நின்றார். திரும்பி வந்து, “குதிர வலில துடிக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

பன்னிரண்டு மணி சுமாருக்கு, ஒரு வெள்ளாட்டின் படத்தைக் கணினியில் சேமிக்கும்போது குதிரையின் படம் ஜாய்ஸின் கண்ணில் மறுபடி பட்டது. தட்டிப் பெரிதாக்கினார். கோடு எலும்பின் குறுக்கே இறங்கியது. எலும்பின் விளிம்பில் நிற்கவில்லை. விளிம்பைத் தாண்டி, எலும்பே இல்லாத இடத்திலும் அரை விரல் நீளத்துக்கு ஓடியது.

எலும்பு முறிந்த கோடு எலும்போடு முடிந்துவிடும். காற்றுக்குத்தான் எல்லை கிடையாது.

எலும்பு நிஜமாகவே முறிந்திருக்கலாம், காற்றும் சேர்ந்து விழுந்திருக்கலாம். இந்தப் படத்தை வைத்து இரண்டில் ஒன்றைச் சொல்ல முடியாது. அதாவது, இந்தப் படத்தை வைத்து ஓர் உயிரை எடுக்கவும் முடியாது.

வரிசையில் நின்றவர்களிடம் ஒன்றும் சொல்லாமல் அறையிலிருந்து ஓடினார்.

பெரிய விலங்குகளுக்கான கொட்டகையில் ஏழு பயிற்சி மருத்துவர்கள் சுற்றி நின்றார்கள். மயக்க ஊசி போட்டாகிவிட்டது. புல்லட்டின் தலை முழங்கால் அளவுக்குத் தொங்கியது. டிரேயில் பெரிய சிரிஞ்ச் நிரம்பித் தயாராக இருந்தது.

“சார், ஒரு நிமிஷம். இன்னொரு படம் எடுக்கணும்.”

சதாசிவம் திரும்பவில்லை. “எதுக்கு?”

“அந்தக் கோடு எலும்பத் தாண்டி ஓடுது சார்.”

“ஜாய்ஸ், படம் எடுக்கறது நீங்க. படிக்கறது நாங்க.”

பயிற்சி மருத்துவர்களில் ஒருவர் சிரிப்பை அடக்கினார்.

“எடுத்ததே தப்பு சார். குளம்புல மாவு அடைக்கல. கேன்டீன் இல்லனு அப்படியே எடுத்துட்டேன்.” ஜாய்ஸ் சிரிஞ்ச் இருந்த டிரேக்கு முன்னால் போய் நின்றார். “என் தப்பு.”

சதாசிவம் இப்போது திரும்பினார். அவர் முகத்தில் இருந்தது கோபமா, வேறு ஏதாவதா என்று ஜாய்ஸுக்குப் புரியவில்லை. அந்தப் படத்தைப் பார்த்து முடிவு சொன்னவர் அவர்தான்.

கையூம் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “இன்னா மேடம் சொல்றீங்க? ஒடையலயா?”

“தெரியல பாய். அதான் பாக்கணும்.”

“தெரியாமயா என்னாண்ட கையெழுத்து வாங்கினீங்க?”

சதாசிவம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“மயக்கம் இருபது நிமிஷம்தான் நிக்கும்” என்றார் சதாசிவம். “அதுக்குள்ள எடுங்க. மாவுக்கு எங்க போவீங்க?”

ஜாய்ஸ் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். ஓரத்தில், உப்பிய மாட்டின் பக்கத்தில், மதுராந்தகம் பக்கத்திலிருந்து வந்த வேண்டா என்ற பெண் தூக்குவாளியைத் திறந்து மதியச் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தார். வாளியில் முந்தாநாள் சர்க்கரைப் பொங்கல், களிமண்ணாக இறுகி.

“அக்கா, இதக் குடுங்க.”

“சாப்புடவா?”

“குதிரைக் குளம்புல அடைக்க.”

வேண்டா ஒரு கணம் முழித்தார். பிறகு வாளியை அப்படியே நீட்டினார். “எடுத்துக்க தாயி. இத்த தின்னுதான் என் மாடு உப்பிக்கினு கீது. எதுக்காவது ஒதவட்டும்.”

“முந்திரி, திராட்சை இருக்கா? அதுவும் படத்துல நிழலா விழும்.”

“அதெல்லாம் போட நான் இன்னா ஜமீனா? வெறும் அரிசியும் வெல்லமுந்தான்.”

ஒரு பருக்கைகூடத் தனியாகத் தெரியாதபடி ஜாய்ஸ் இரண்டு கையாலும் பிசைந்தார். கருப்பன் குளம்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். புல்லட் ஆடியது. மயக்கத்தில் இருக்கும் குதிரை சாய்ந்தால் நானூறு கிலோவும் கருப்பன்மேல்தான் விழும்.

“சீக்கிரம், யம்மா. முதுகு போவுது.”

ஜாய்ஸ் பள்ளத்தின் ஆழம்வரை கட்டை விரலால் அழுத்தி அழுத்தி அடைத்தார். கையடக்க எக்ஸ்ரே கருவியைக் கொட்டகைக்கே கொண்டுவந்திருந்தார்கள். காலைக் கட்டைமேல் வைத்தார்கள். கையூம் குதிரையின் தலையைத் தோளில் தாங்கிக்கொண்டு அதன் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். மற்றவர்கள் விலகினார்கள்.

முதல் படம் எடுக்கும் நொடியில் குதிரை காலை இழுத்தது. படம் கலங்கிப்போனது. பதினான்கு நிமிடம் ஆகியிருந்தது. தலை மெல்ல நிமிரத் தொடங்கியது.

“நிக்கிறியா, நைனா” என்றார் கையூம் குதிரையிடம். “ஒரே ஒரு தபா.”

ஜாய்ஸ் மூச்சை அடக்கிக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

மடிக்கணினியில் படம் விழ நான்கு விநாடி ஆகும். எலும்பு தெரிந்தது. முழுசாக, வெள்ளையாக. குறுக்கே கோடு இல்லை. குளம்பின் விளிம்போரம், எலும்புக்கு வெளியே, ஒரு பட்டாணி அளவுக் கறுப்பு மட்டும் இருந்தது.

சதாசிவம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டிரேயிலிருந்த சிரிஞ்சை எடுத்துப் பயிற்சி மருத்துவரிடம் கொடுத்து, “கொட்டிடு” என்றார். குளம்பு சீவும் வளைந்த கத்தியைக் கேட்டு வாங்கிக் கீழே உட்கார்ந்தார். பொங்கலை வழித்து எறிந்துவிட்டு, அந்தக் கறுப்பு இருந்த பக்கம் பட்டை பட்டையாகச் சீவினார். ஐந்தாவது சீவலில் கறுப்பாகச் சீழ் பீறிட்டது. நாற்றத்தில் இரண்டு பேர் பின்வாங்கினார்கள். சீழோடு ஒரு சின்னக் கருங்கல் சில்லும் வந்தது.

“எந்த வழியா கூட்டிட்டுப் போவீங்க கடற்கரைக்கு?” என்றார் கையூமிடம்.

“சிற்பப் பட்டறைங்க வழியாதான் டாக்டர்.”

“உளி தெறிச்ச சில்லு. உள்ள ஏறிச் சீழ் வெச்சிருக்கு. வேற ஒண்ணுமில்ல.”

கையூம் கொட்டகைத் தூணில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

திரும்பப் படம் எடுக்க நேர்ந்தால், காரணத்தையும் பொறுப்பாளர் பெயரையும் ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். மாதக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அதை வாசிப்பார்கள். “குளம்பு அடைக்கப்படவில்லை. பொறுப்பு: ஜாய்ஸ்” என்று எழுதி நீட்டினார் ஜாய்ஸ். சதாசிவம் படித்துவிட்டுப் பேனாவை வாங்கினார். அதன் கீழே, “இரண்டாவது படம் கேட்காமல் முடிவு சொன்னது: சதாசிவம்” என்று எழுதிக் கையெழுத்திட்டார். அடுத்த மாட்டைப் பார்க்கப் போனார்.

ஜாய்ஸ் கையைக் கழுவிக்கொண்டு எக்ஸ்ரே அறைக்குத் திரும்பினார். வரிசை இருபத்தொன்றாக ஆகியிருந்தது.

புல்லட்டின் காலுக்குப் பன்னிரண்டு நாள் தினமும் கட்டு மாற்றினார்கள். ஜனவரி 28 அன்று அது நான்கு காலிலும் நடந்துபோய் டெம்போவில் ஏறியது. மார்ச் மாதம் வரை முதுகில் யாரையும் ஏற்றக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.