சீனுவின் வெள்ளி டம்ளர்

வாசகசாலைப் பலகையில் இன்று சீட்டாட்ட அறிவிப்பு எதுவும் இல்லை. ஆகவே என் கதையை ஒட்டுகிறேன்.

நேற்று மாலை மைசூர் தேவராஜ மார்க்கெட் வாசலில் ஒரு சர்க்கார் கார் வந்து நின்றது. இறங்கியவன் என் பள்ளித் தோழன் சீனு. சுதந்திரம் வந்தபின் மளமளவென்று உயர்ந்து, பெங்களூரில் பெரிய அதிகாரியாகிவிட்டவன். வெயிலில் கம்பளிக் கோட்டு வேறு.

"ஏண்டா, பிரமோஷனே வேண்டாம்னு எழுதிக் குடுத்தியாமே? சும்மா குமாஸ்தாவாவே இருந்துடப் போறியா? மனுஷன்னா முன்னேறணும்டா!"

"அஞ்சு மணிக்கு மேல நான் எனக்கே சொந்தம்டா. பெங்களூர்ல அது கிடைக்குமா?" என்றேன்.

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். ஒரு மைசூர்பாகு பொட்டலத்தை என் கையில் திணித்தான்.

"ஆத்துக்குப் போக நேரமில்லே. இதை அம்மாகிட்ட குடுத்துடு. அடுத்த தடவை கட்டாயம் வரேன்னு சொல்லு."

அவன் வீடு அடுத்த தெருதான். மைசூரிலேயே இருக்கும் அம்மாவுக்கு மைசூர்பாகு!

அவள் கடைப் பண்டம் தொடமாட்டாள். ஆபீஸ் விட்டதும் தினமும் அவளோடு தாயம் ஆடித் தோற்கும் எனக்கு அது தெரியும். பெற்ற பிள்ளைக்கு மறந்துவிட்டது.

பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடுத்ததும், "அவன் வரலையா?" என்றாள்.

"அடுத்த தடவை வரானாம், மாமி."

"சரி, நீயே தின்னு" என்று காபியை நீட்டினாள். சீனுவின் பெயர் வெட்டிய வெள்ளி டம்ளர். இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை.

"சும்மா வெச்சு வெச்சுக் கறுத்துப் போறது. நீயாவது குடி."

மைசூர்பாகு பிரமாதம்.

எங்களில் யாருக்குப் பதவி உயர்வு என்று கீழே எழுதுங்கள். பென்சில் ஆணியில் தொங்குகிறது. முன்னேறத் துடிப்பவர்கள் அதை எடுத்துப் போக வேண்டாம்.