ஒரே பெட்டியில் இரண்டு பேர்

தொண்ணூற்றாறாம் வருசம் என் பெரியப்பன் மகள் பாவாத்தாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கணபதியில் அவள் வீட்டில் மருமகளுக்குக் குழந்தை பிறந்து இன்னும் மாதம் ஆகவில்லை. மகன் கிருபாசங்கரோ ஜோர்டானில், பத்தாயிரம் வருசத்துக்கு முந்தைய ஊர் ஒன்றைத் தோண்டிக்கொண்டிருந்தான். அந்த ஊர்க்காரர்கள் செத்தவர்களை வீட்டுத் தரைக்கு அடியிலேயே புதைத்தார்கள் என்று போனில் பெருமையாகச் சொல்லியிருந்தான். அவன் ஊர் திரும்பும் நாளன்று, செத்தவர்களைத் தொட்ட அந்தக் கையோடு வந்து குழந்தையைத் தூக்கிவிடுவானே என்று அவள் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள்.

வந்தவனை வாசலிலேயே மறித்தாள். "நில்லு கண்ணு, தலைக்கு ஊத்திக்கிட்டு உள்ள வா."

"வெறும் எலும்புதானுங்கம்மா. தீட்டெல்லாம் எப்பவோ போயிருக்குமுங்க."

"உனக்குப் போயிருக்கும். எனக்குப் போகலியே!"

அவளே குடம் குடமாக ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே கேட்டாள், "அதுல கொழந்தை எதாச்சும் இருந்துச்சா?"

"ஒண்ணு இருந்துச்சுங்க. அதோட அம்மா பக்கத்துலயே."

குடம் அப்படியே நின்றது. "வெளிய அனுப்ப மனசில்லாம ஊட்டுக்குள்ளயே வெச்சிருக்கறாங்க. நீ போயி ரெண்டையும் பிரிச்சுப்போட்டியா?"

"இல்லீங்கம்மா, ஒரே பெட்டியிலதான் வெச்சிருக்கறோமுங்க."

"நெசமாவா?"

"நெசமாத்தானுங்க."

அதன் பிறகுதான் ஒதுங்கி வழிவிட்டாள்.